கனடாக் கடவுச்சீட்டோடு திருகோணமலையில் வீடு வாங்குவது

கேள்வி இதுதான். கேட்டவர் திருகோணமலையில் பிறந்தவர், வயது 61. 27 வருடமாக ஸ்காபரோவில் இருக்கிறார், கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டார். உப்புவெளியில் 20 பேர்ச் வளவோடு ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது, சொல்லும் விலை இரண்டு கோடி ரூபாய். இப்போதைக்கு மச்சானின் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு தன் பெயருக்கு மாற்றலாம் என்று வீட்டில் பேச்சு. மனைவியோடு வந்து நிரந்தரமாக இருக்கலாமா, எதில் கவனமாக இருக்கவேண்டும் என்று கேட்கிறார்.

அண்ணா, நான் திருகோணமலையில் ஒரு நொத்தாரிசின் (காணிப் பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் சட்டத்தரணியின்) கந்தோரில் 31 வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதிய கை என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மச்சானின் பெயரில் வாங்கும் யோசனையை முதலில் விடுங்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குக் கடன் வந்தால் கடன்காரன் அந்தக் காணியைத்தான் பார்ப்பான். அவர் கண்ணை மூடினால் காணி அவருடைய மனைவி பிள்ளைகளுக்குப் போகும். பணம் கொடுத்தவர் ஒருவர், உறுதியில் பெயர் இன்னொருவர் என்றால் பணம் கொடுத்தவருக்காகவே சொத்து வைத்திருக்கப்படுகிறது என்று வாதாட 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் எதற்காக அவர் பெயரில் வாங்கினீர்கள் என்று நீதிபதி கேட்பார். "என் பெயரில் வாங்கச் சட்டம் விடவில்லை, அதனால் இப்படிச் செய்தேன்" என்பதுதான் உங்கள் பதில் என்றால், அந்தக் கூண்டில் ஏறாமல் இருப்பதே மேல். எங்கள் கந்தோருக்கு அழுதுகொண்டு வந்தவர்களில் பாதிப்பேர் தம்பி பெயரிலும் மச்சான் பெயரிலும் வாங்கியவர்கள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் மட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரித்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2013 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்தே செல்லுபடியாகும்படி அதை நிறைவேற்றினார்கள். இதில் பலருக்குக் கசப்பாக இருக்கிற விஷயம், அந்த "வெளிநாட்டவர்" நீங்களும்தான். வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை தானாகப் போய்விடுகிறது. யாரும் கடிதம் போட்டு அறிவிப்பதில்லை. பழைய அடையாள அட்டை அலுமாரியில் கிடக்கும், வாக்காளர் இடாப்பில் பெயர்கூட இருக்கும். "என்னட்ட ஐடென்டிட்டி கார்ட் இருக்கு, நான் இலங்கையன்தானே" என்று சொல்லி அந்த அட்டையைக் காட்டி உறுதி முடித்தவர்களை எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒன்றும் நடக்காது. பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போது, வாங்க வருகிறவரின் சட்டத்தரணி உங்கள் கடவுச்சீட்டின் திகதியையும் உறுதியின் திகதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அங்கே எல்லாம் நின்றுவிடும்.

உங்களுக்குத் திறந்திருக்கும் வழிகளைச் சொல்கிறேன். அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டை வெளிநாட்டவர் வாங்கலாம், முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே வரவேண்டும். கொழும்பில் அது சரி. திருகோணமலையில் அடுக்குமாடி வீடு தேடினால் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில்தான் ஏறவேண்டும். குத்தகைக்கு எடுக்கலாம், உச்சவரம்பு 99 வருடம். 61 வயதில் 99 வருடக் குத்தகை போதாதா என்று சிரிப்பார்கள். ஆனால் நம் சனத்துக்குச் சொந்தக் காணி என்றால் சொந்தக் காணிதான், அந்த மனதை நான் குறை சொல்லமாட்டேன். மூன்றாவது, வாரிசு வழி. பெற்றோரோ நெருங்கிய உறவினரோ தம் காணியை நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ தந்தால், அல்லது சாசனம் இல்லாமல் இறந்து உரிமை உங்களுக்கு வந்தால், அந்தத் தடை இல்லை. அம்மா இன்னும் இருக்கிறார், ஊரில் அவர் பெயரில் வளவு இருக்கிறது என்றால் உப்புவெளி வீட்டுக்கு முன் அதைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

நாலாவது இரட்டைக் குடியுரிமை. உங்களுக்குரிய வழி இதுதான் என்பது என் முடிவு. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடவில்லை. கனடாவும் இன்னொரு குடியுரிமை வைத்திருப்பதை மறுப்பதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கவேண்டும். 55 வயதைத் தாண்டியவர்கள் என்றே ஒரு வகை இருக்கிறது, நீங்கள் அதற்குள் வருகிறீர்கள், கல்வித் தகைமையையோ வைப்புப் பணத்தையோ காட்டத் தேவை இல்லை. ஒட்டாவாவில் உள்ள உயர்ஸ்தானிகராலயம் ஊடாகவோ ரொறன்ரோவில் உள்ள துணைத்தூதரகம் ஊடாகவோ கொடுக்கலாம், கொழும்புக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலும் கொடுக்கலாம். உங்கள் மனைவி, அக்காவும் இலங்கையில் பிறந்தவர் என்றால் அவருக்கும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு பெயரிலும் உறுதி எழுத இரண்டு பேருக்கும் அது வேண்டும். நாட்டுக்குத் திரும்பி எம்.பி. ஆகும் எண்ணம் இருந்தால் மட்டும் கவனம், 2022இல் வந்த 21ஆவது திருத்தம் இரட்டைக் குடியுரிமைக்காரருக்கு அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் குடியுரிமைச் சான்றிதழ், பிறகு முற்பணம். வீட்டுக்காரர் "வேறு ஆள் வந்து நிக்கிறார், இந்தக் கிழமைக்குள்ள அட்வான்ஸ் தாங்க" என்பார். 31 வருடத்தில் அந்த வேறு ஆளை நான் கண்டதில்லை.

இனி வீட்டின் கதை. திருகோணமலையில் காணி வாங்குவது கொழும்பில் வாங்குவது போல இல்லை. இந்த ஊர் கலவரத்துக்கும் போருக்கும் பயந்து 83இல் ஓடியது, 90இல் ஓடியது, 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது, 2006இல் போரால் மூதூரும் சம்பூரும் வெறுமையாகின. சம்பூர் மக்கள் தங்கள் காணியை மிதிக்க 2015 வரை காத்திருந்தார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் சிலர் உறுதியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், சிலர் பிள்ளையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அதனால் இங்கே ஒரு வளவுக்கு மூன்று விதமான உரிமைக்காரர் இருக்கலாம்: உறுதியில் பெயர் உள்ளவர், வெற்றுக் காணியில் வந்து குடியேறி இருப்பவர், பாரிஸில் இருக்கும் பங்காளி.

முதல் கேள்வி: இது உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியையும் அளிப்புக் காணியையும் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்கமுடியாது. விற்றால் அது செல்லாது. ஆனாலும் சத்தியக்கடதாசியிலும் வெள்ளைத்தாளிலும் "விற்பனை" நடந்துகொண்டுதான் இருக்கிறது. விலை பக்கத்துக் காணியைவிடப் பாதியாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். உப்புவெளிப் பக்கம் திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்குள் வருகிறது, நிலாவெளி என்றால் குச்சவெளிப் பிரதேச செயலகம். காணிப் பிரிவில் போய் நேரடியாகக் கேளுங்கள், கிராம உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். வன இலாகா, தொல்பொருள் திணைக்களம் ஏதாவது வர்த்தமானியில் எல்லை போட்டிருக்கிறதா என்றும் கேட்கவேண்டும். குச்சவெளிப் பக்கம் போகப்போக இந்தக் கேள்வி முக்கியமாகும்.

உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் தேடவேண்டும். குறைந்தது 30 வருடம் பின்னே போங்கள், நான் எப்போதும் 83க்கு முந்திய ஓர் உறுதியையாவது கையில் எடுக்காமல் விட்டதில்லை. போருக்கு முன்னே யாருடைய காணி என்று தெரிந்தால் பின்னே வந்த எழுத்தெல்லாம் தானாக வெளிக்கும். ஈடு (அடமானம்) இருக்கிறதா, வழக்கு பதியப்பட்டிருக்கிறதா என்று அதே ஏட்டில் தெரியும். "பிரிபடாத பங்கு" என்ற சொல்லைக் கண்டால் நின்று நிதானியுங்கள். ஐந்து பிள்ளைகளில் ஒருவர் ஐந்தில் ஒன்றை உங்களுக்கு விற்கச் சட்டம் விடும், ஆனால் எந்த ஐந்தில் ஒன்று, கிணறு யாருக்கு, பாதை யாருக்கு என்பது 1977ஆம் ஆண்டின் பிரிவிடற் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்காக நடக்கும். எல்லாப் பங்காளியும் கையெழுத்து வைத்தால் வாங்குங்கள், ஒருவர் முரண்டு பிடித்தாலும் வேண்டாம்.

பங்காளிகள் வெளிநாட்டில் என்றால் அற்றோணித் தத்துவம், அதாவது தமக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம், காட்டுவார்கள். அதில் இரண்டு விஷயம். விற்கும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதியிருக்கிறதா, கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா. கொடுத்தவர் இறந்த கணமே அற்றோணித் தத்துவமும் இறந்துவிடும். ஒருமுறை எங்கள் கந்தோரில் உறுதி தட்டச்சு செய்து முடித்து, முத்திரைத் தீர்வைக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. வாங்க வந்தவரின் அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "அவர் செத்து ஆறு மாசமாச்சே, அந்தியேட்டிக்கு நான் போனனானே?" நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு அற்றோணிக்காரரிடமும் கொடுத்தவரோடு வீடியோ அழைப்பு எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பேன். சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். காவலுக்கு இருக்கிற மாமா, வாடகை கொடுக்காத சித்தி, பின்வளவில் கொட்டில் போட்டிருக்கும் குடும்பம். 1871ஆம் ஆண்டின் காலவதிக் கட்டளைச் சட்டப்படி ஒருவர் உரிமைக்காரருக்கு எதிராகப் பத்து வருடம் தடையில்லாமல் காணியை ஆண்டால் தனக்கே உரித்து என்று கேட்கலாம். போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சலுகை கொடுத்தது, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை மனதில் வைத்து வந்த சட்டம் அது. ஆனால் வழக்குப் போட அது கொடுத்த அவகாசம் இரண்டு வருடம்தான். அதனால் வீடு வெறுமையாகி, சாவி உங்கள் கையில் வரும் நாளில்தான் மிச்சப் பணம் போகவேண்டும். "நீங்க எழுதுங்க, நான் அவங்களை எழுப்பித் தாறன்" என்ற வாக்கை நம்பி எழுதாதீர்கள்.

நில அளவையாளரைப் பிடித்துப் புதிதாக அளக்கச் சொல்லுங்கள். 20 பேர்ச் என்றால் 5,445 சதுர அடி. யாழ்ப்பாணத்துக் கணக்கில் இரண்டு பரப்பு என்று அக்காவுக்குச் சொல்லுங்கள், உடனே விளங்கும். பழைய படத்தில் 20 இருக்கும், மதிலுக்குள் 17தான் நிற்கும். மிச்சம் மூன்று பக்கத்து விடுதியின் கார் தரிப்பிடமாகியிருக்கும்.

கடலுக்குக் கிட்ட என்றால் இன்னொரு கதை. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம். அதற்குள் கட்ட, பெரிதாக மாற்றக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உப்புவெளியில் விலைக்கு வரும் வீடுகளில் பல அந்த 300 மீற்றருக்குள்தான். இருக்கிற வீட்டுக்கும் பின்னால் இழுத்த இரண்டு அறைக்கும் அனுமதி எடுத்த பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரதேச சபையில் சோலைவரி (வீட்டுவரி) நிலுவை, வீதிக்கோட்டுச் சான்றிதழ் எல்லாம் வழமையானவை, உங்கள் நொத்தாரிசே எடுப்பார்.

பணம். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். இரண்டு கோடிக்கு 7,99,000 ரூபாய் வரும், அது வாங்குகிறவர் தலையில். நொத்தாரிசுக் கட்டணம் தனி. "உறுதியில எண்பது இலட்சம் போடுவோம், மிச்சத்தைக் கையில தாங்க" என்று விற்பவர் சொல்லலாம். தீர்வையில் நாலைந்து இலட்சம் மிஞ்சும், உண்மைதான். ஆனால் நீங்கள் கனடாவிலிருந்து கொண்டுவந்த பணத்தை ஒருநாள் திருப்பிக் கொண்டுபோக நினைத்தால் வங்கி கேட்கப்போவது உறுதியில் உள்ள தொகையையும் உள்ளே வந்த தொகையையும்தான். ஆகவே வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு திறந்து, பணத்தை அதன் வழியாகக் கொண்டுவந்து, விற்பவருக்கு வங்கி ஊடாகவே கொடுங்கள். உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்பும் வழி, அதன் பக்கமே போகாதீர்கள். ரேட் ஒன்றிரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும், பத்திரம் ஒன்றும் கிடைக்காது.

கையெழுத்து வைக்கும் நாள் காலையிலும் பதிவகத்தில் ஒருமுறை தேடச் சொல்லுங்கள். நொத்தாரிசு உறுதியின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அனுப்பினால் போதும் என்பது சட்டம், ஆனால் நீங்கள் அதுவரை பொறுக்கவேண்டாம், உடனே பதியுங்கள். ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றால், நேர்மையாக விலை கொடுத்து முதலில் பதிந்தவர் பக்கம்தான் சட்டம் சாயும்.

இவ்வளவும் சரிவந்தால் வாங்கலாம். ஆனால் வாங்க முன் ஒரு மாரிகாலம் இங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள் என்பேன். நீங்கள் 27 வருடமாக ஜூலை ஆகஸ்டில்தான் வந்திருப்பீர்கள், பள்ளி விடுமுறை. அப்போது கடல் கண்ணாடி மாதிரி, கச்சான் காற்று, நிலாவெளி நிறைய வெள்ளைக்காரர், கோணேசர் கோயிலடியில் மான் வந்து கையில் வாழைப்பழம் தின்னும். ஒக்டோபரில் வாருங்கள். கடல் சாம்பல் நிறம், விடுதிகள் பாதி பூட்டு, கூரை எங்கே ஒழுகுகிறது, ஒழுங்கையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது எல்லாம் தெரியும். வாடகையும் அப்போது மலிவு. நீங்கள் பார்க்கும் அதே ஒழுங்கையில் எடுங்கள். சீசனில் இரவு ஒரு மணிவரை பாட்டுப் போடும் விடுதி எது என்று அயலவர்கள் அப்போது சொல்லிவிடுவார்கள். அமைதிதான் வேண்டுமென்றால் உவர்மலையும் லிங்கநகரும் பாலையூற்றும் இருக்கின்றன, கடல் காலடியில் இல்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கும் கிட்ட. மாவட்டப் பொது வைத்தியசாலை அவசரத்துக்கு நல்லது, இதயம், நரம்பு என்று சிக்கலானால் மட்டக்களப்பு, கண்டி, கொழும்பு என்று வண்டி பிடிக்கவேண்டும். கொழும்புக்கு 260 கிலோமீற்றர் அளவு.

கனடாப் பக்கத்துக் கணக்கை மறந்துவிடாதீர்கள். முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியத்தை வெளிநாட்டில் இருந்துகொண்டு எடுக்க 18 வயதுக்குப் பிறகு 20 வருடமாவது அங்கே வாழ்ந்திருக்கவேண்டும். உங்களுக்கு 27 இருக்கிறது, அந்தப் பயம் இல்லை. ஆனால் முழுத்தொகைக்கு 40 வருடம். இப்போதே வந்தால் நாற்பதில் 27 பங்கு, 65 வரை இருந்துவிட்டு வந்தால் 31 பங்கு. சாகும்வரை மாதாமாதம் வரும் வித்தியாசம் அது. குறைந்த வருமானக்காரருக்கான மேலதிகக் கொடுப்பனவு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். ஒன்ராறியோ மருத்துவ அட்டைக்கு எந்த 12 மாதத்திலும் 153 நாள் அங்கே இருக்கவேண்டும். ஸ்காபரோ வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நிரந்தரமாக வந்தால், வதிவிடமற்றவர் என்று வாடகையில் 25 வீதம் பிடிப்பார்கள். ஐந்து மாதத்துக்குச் சற்றுக் கூடவே அங்கே, மிச்சம் இங்கே என்று சில வருடம் இருந்துபார்ப்பதுதான் உங்கள் வயதுக்குப் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் முதலில் வாடகை வீடுதான் வசதி.

மரணசாசனம் ஒன்று இங்கேயும் எழுதுங்கள். நொத்தாரிசும் இரண்டு சாட்சியும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சி. பிள்ளைகள் கனடாக்காரர்கள் என்றாலும் வாரிசாக எடுக்கத் தடை இல்லை என்று மேலே சொன்னேன். அவர்கள் இங்கே வந்து இருப்பார்களா என்பது வேறு, அது எனக்கும் உங்களுக்கும் தெரிந்ததுதான்.

கடைசியாக அக்கா கேட்டாராம், கடற்கரை வளவில் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா என்று. உப்புவெளி மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு பாய் மாதிரித்தான் மிதக்கிறது. மாரியில் எந்தக் கிணறும் இனிக்கும். ஆகஸ்ட் கடைசியில், பக்கத்து விடுதிகள் நாள் முழுக்க மோட்டர் போட்டு இறைக்கும் காலத்தில் போய், ஒரு வாளி அள்ளித் தேநீர் போட்டுப் பாருங்கள். பால் திரைந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், குழாய் நீர் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.